பச்சைக் கம்பளத்தில் அட்டை இருக்குமா?



நம் ஆண்டு மலரை ஒட்டி நடத்தப்படும் சிறுகதைப் போட்டிக்கு இந்த வருடம் வந்தவை மொத்தம் 11 கதைகள். நடுவர்கள் மூவரில் அடியேனும் ஒருவன். முடிவு அறிவித்தாயிற்று, பரிசும் கொடுத்தாயிற்று. அதை மறுபடி கிளறுவது முறையல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் பரிசளிப்பு விழா முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செயற்குழு நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. "சார், அடுத்த வருஷத்திலிருந்து கதைப் போட்டி வேண்டாம்னு நினைக்கிறோம். பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி போதும். நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழே தடுமாறுது, கதை எங்கே எழுதறது?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பாதிப் பேர் மலையாள மீடியத்திலும் மீதிப் பேர் இங்கிலீஷ் மீடியத்திலும் படிக்கிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் பக்கத்தில் வாய்த்த பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். ர, ற தடுமாறும். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் 11 கதைகளையும் இரண்டு முறை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குறை தமிழில் இல்லை. வேறு இடத்தில் இருக்கிறது.

கதைகளை எழுதியவர்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கஞ்சிக்கோடு பக்கத்துப் பிள்ளைகள். மலைமேல் மூணாறு, வண்டிப்பெரியார், உடும்பன்சோலைப் பக்கத்துப் பிள்ளைகள். ஆனால் 7 கதைகளில் ஒரு நதி ஓடியது. காவிரி, இல்லாவிட்டால் வைகை. கரையில் தென்னந்தோப்பு, கோபுரத்து மணியோசை, கோலம் போடும் பெண். எல்லாம் சினிமாவிலும் தொடர்கதையிலும் பார்த்தவை. கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்த பையன் காவிரியில் எப்போது குளித்தான்? மூணாற்றை வைத்து எழுதப்பட்ட ஒரு கதையில் காதலர்கள் இருவரும் வருடந்தோறும் நீலக்குறிஞ்சி பூக்கும்போது சந்திக்கிறார்கள். மூன்றாவது சந்திப்பில் கல்யாணம். ராஜமலையில் குறிஞ்சி கூட்டமாய்ப் பூத்தது 2006-ல், அப்புறம் 2018-ல், இனி 2030-ல். அந்தக் கணக்குப்படி பார்த்தால் மூன்றாம் சந்திப்புக்குள் 24 வருடம் ஓடியிருக்கும். மாப்பிள்ளைக்குத் தலை நரைத்திருக்கும்.

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை குறிஞ்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்ததே தவிர, குறிஞ்சியைப் பார்த்து எழுதவில்லை. அவ்வளவுதான்.

ஒரே ஒரு கதை வேறு மாதிரி இருந்தது. உடும்பன்சோலைப் பக்கத்துப் பத்தாம் வகுப்பு மாணவி எழுதியது. அம்மா தினமும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறாள். ஜீப்பில் கூட்டம். பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டும். ஆகையால் சோற்று வாளியை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிறாள், வளைவில் குழம்பு சிந்தாமல் இருக்க. சாயந்தரம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்காரும்போது வாளி இல்லை, ஆனால் அம்மாவின் பாதங்கள் அப்படியே சேர்ந்திருக்கின்றன. இதைப் பிள்ளை மூன்று வரியில் எழுதியிருந்தது. மூன்று வரிக்குள் நான்கு எழுத்துப் பிழை. நான் அதற்கு முதல் மதிப்பெண் போட்டேன். மற்ற இரு நடுவர்களும் பிழைகளை எண்ணினார்கள். பரிசு காவிரிக்குப் போயிற்று.

இதையெல்லாம் சொல்ல நான் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் எழுத்தாளன் இல்லை. சிவில் டிப்ளமோ முடித்து 1980-களில் ரயில்வேயில் சேர்ந்து, பாலக்காடு டிவிஷனில் தண்டவாளப் பராமரிப்பிலேயே காலத்தை ஓட்டி, சீனியர் செக்‌ஷன் இஞ்சினியராக ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எல்லோருக்கும் வரும் வியாதி எனக்கும் வந்தது. கதை எழுத ஆரம்பித்தேன். நான் எழுதக் கற்றுக்கொண்டதைவிடத் தோற்றுக் கற்றுக்கொண்டதே அதிகம். அதனால் தைரியமாகப் பேசுகிறேன்.

என் மனைவியின் பிறந்த வீடு மூணாறுப் பக்கத்து எஸ்டேட். அவள் தங்கை முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள். முதல் கதையை எழுதி முடித்ததும் மூணாற்றுக்குப் போயிருந்த சமயம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கதையின் தொடக்கமே, மலைச்சரிவெங்கும் தேயிலை பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடந்தது என்பதுதான். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "மச்சான், கம்பளத்துல அட்டை கடிக்குமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவளே தொடர்ந்தாள். "ரோட்டுல கார்ல போறவங்களுக்குத்தான் அது கம்பளம். உள்ள நின்னா இடுப்பு வரைக்கும் குச்சி. சாக்கைச் சுத்திக் கட்டலேன்னா சேலை கிழியும், இடுப்பு கிழியும். பச்சையும் ஒண்ணு இல்ல மச்சான், ரெண்டு. பறிக்கிற பச்சை, விடுற பச்சை. அந்த வித்தியாசம் தெரியாதவளைக் கங்காணி ரெண்டாம் நாளே ஏசுவாரு."

பறிக்கிற பச்சை, விடுற பச்சை. நான் அந்த மலையை முப்பத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமனார் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே தேயிலைதான். ஒருநாளும் இரண்டு பச்சை என் கண்ணில் பட்டதில்லை. அன்றைக்கு வாசலில் போய் நின்று பார்த்தேன். தெரிந்தது.

இந்தப் பாடம் எனக்குப் புதிதும் அல்ல. வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே படித்து மறந்துவிட்டேன். டிராலியில் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்‌ஷன் குறிப்பு எழுத வேண்டும். வளைவு ஒன்றைப் பற்றி "நிலைமை மோசம்" என்று எழுதினேன். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "மோசம் எத்தனை மில்லிமீட்டர்?" என்று பக்கத்தில் எழுதித் திருப்பியனுப்பினார். அப்போது கோபம் வந்தது. பிறகு புரிந்தது. மோசம் என்பது நான் செய்த முடிவு. அவருக்கு வேண்டியது என் முடிவல்ல, நான் பார்த்தது. எந்தக் கிலோமீட்டரில், இடது தண்டவாளமா வலது தண்டவாளமா, எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, அங்கே ஜல்லி இருக்கிறதா, மண் ஏறிவிட்டதா. அதைக் கொடுத்தால் மோசமா இல்லையா என்று அவரே சொல்லிக்கொள்வார். கதையிலும் "அழகான", "பயங்கரமான", "சோகமான" என்று நாம் எழுதுவதெல்லாம் நம் முடிவுகளே. படிப்பவருக்கு அதில் வேலை ஒன்றும் வைப்பதில்லை.

இதில் என் குரு ஒரு கீமேன். வாளையாறு காட்டுப் பகுதியில் வேலை பார்த்தவர். கீமேன் என்றால் தினமும் தன் எல்லைக்குட்பட்ட பாதை முழுவதையும் தோளில் சுத்தியலோடு நடந்து, ஒவ்வொரு பிடிப்பையும் பார்த்துச் சரி செய்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவர், கையெழுத்து மட்டும் போடுவார். ஒரு விடியற்காலை அவரிடம், யானை வந்ததா என்று கேட்டேன். "ரொம்பப் பெரிய கூட்டம் சார்" என்றோ "பயந்துட்டேன் சார்" என்றோ சொல்லவில்லை. "மூணு தாண்டியிருக்கு. ஒண்ணு குட்டி. ஜல்லி மேட்டுல ஏற முடியாம ரெண்டு தரம் சறுக்கியிருக்கு. லத்தியில இன்னும் ஆவி நிக்குது, ரொம்ப தூரம் போயிருக்காது" என்றார். எனக்கு முதுகு சில்லிட்டது. அங்கே யானை இல்லை. அவர் பயம் என்ற சொல்லையும் சொல்லவில்லை.

நிற்க. இப்படி அளவும் குறிப்புமாக எழுதிவிட்டால் கதை வந்துவிடுமா என்றால், வராது. என் இரண்டாவது தோல்வி அதில்தான்.

மூணாற்றில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. குண்டளப் பள்ளத்தாக்கு ரயில். 1902-ல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். எடையில் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் இறங்கும். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையிலேயே உருளும். மாடுகள் இழுத்தன. டில்லி ரயில் மியூசியத்தில் பாட்டியாலா சமஸ்தானத்து வண்டி ஒன்று இதே முறையில் அமைந்தது இருக்கிறது, பார்த்தவர்களுக்குப் புரியும். 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல இருப்புப்பாதை போட்டார்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ரயிலில் போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டக்குடிக்கு இறங்கும். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தில், கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்களே, அதில் எல்லாம் போயிற்று. திரும்பக் கட்டவேயில்லை.

ரயில்வேக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மேலே சொன்ன அத்தனையையும், இன்னும் நாலு பங்கு சேர்த்து, கதையாக எழுதினேன். பாதையின் அகலம், ஏற்றம், பாலங்கள், மழையின் கணக்கு. பத்திரிகை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "சார், இது கதையா, டெண்டரா?" என்றார்.

அவர் சொன்னது இதுதான்: வெள்ளம் வடிந்த காலையில் அங்கே யார் நிற்கிறார்கள்? கம்பெனி இஞ்சினியர் என்றால் பாலத்தைத் தேடுவார். ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவன் என்றால் அவனுக்குப் பாலம் முக்கியமில்லை, அன்றைய கூலி எங்கே என்று பார்ப்பான். அவன் மனைவி ஆற்றோரத்துக் குடிசையில் இருந்தவள் என்றால் அவன் எதையுமே பார்க்கமாட்டான், ஓடுவான். உன் கதையில் யாருமே நிற்கவில்லை, வெள்ளம் மட்டும் வந்து போயிற்று.

பிறகு இதை நான் முதலமடை ஸ்டேஷனை வைத்து எனக்கே சோதித்துப் பார்த்தேன். பாலக்காடு - பொள்ளாச்சி பாதை 1932-ல் திறந்தது. மீட்டர் கேஜாக இருந்து 2008-ல் மாற்று வேலைக்காக மூடி 2015-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். அதில் முதலமடை ஸ்டேஷன் ஆலமரங்களுக்குப் பேர் போனது. சினிமாக்காரர்கள் வந்து படமெடுப்பார்கள். சென்னையிலிருந்து வருகிறவர் அந்த ஸ்டேஷனில் இறங்கினால் ஆலமரத்தையும் விழுதையும் பார்ப்பார், சந்தேகமில்லை. மாங்காய் வியாபாரி பார்ப்பது நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது, கூடைகளை வெயில் படாமல் எங்கே அடுக்கலாம் என்று. நானோ, முப்பது வருடப் பழக்க தோஷம், மரத்தின் வேர் பிளாட்பாரத்துக்கு அடியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பேன். ஒரே மரம்தான். கதை யாருடையது என்று தெரிந்தபின் எந்த மரத்தை எழுத வேண்டும் என்பது தானே தெரிந்துவிடுகிறது. மற்ற இரண்டு மரங்களையும் வெட்டிவிடலாம்.

இதையெல்லாம் ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சங்கதி என்று எண்ண வேண்டாம். தொல்காப்பியத்தில் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அதாவது எங்கே, எப்போது என்பது முதலில். இன்ஸ்பெக்‌ஷன் குறிப்பின் முதல் வரியும் அதுதான். பிறகு கருப்பொருள். அதில் மரம், பறவை, விலங்கு மட்டுமா சொன்னார்? உணவைச் சொன்னார், பறையைச் சொன்னார், அந்த நிலத்து மக்கள் செய்யும் தொழிலையும் சொன்னார். நம் பிள்ளைகள் மரத்தையும் பறவையையும் எழுதுகிறார்கள். சாப்பாடும் தொழிலும் விட்டுப்போகின்றன. கடைசியில்தான் உரிப்பொருள், மனத்தில் நடப்பது. நாமோ நேரே மனத்தில் குதித்து, அவள் நெஞ்சம் விம்மியது என்று ஆரம்பிக்கிறோம்.

பாலக்காட்டில் இருக்கிற நமக்கு எழுத ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. ஆடி மாதம் மேற்கிலிருந்து மழைக்காற்று கோயமுத்தூர்ப் பக்கம் போகிறது. மார்கழியில் அதே வாசல் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி வருகிறது. இங்கே திருவாதிரைக் காற்று என்பார்கள். உதடு வெடிக்கும், பனையோலை இரவெல்லாம் பேசும், காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டில் கிடக்கும். இந்தக் காற்றையும் பனையையும் வைத்து ஓ. வி. விஜயன் 'கசாக்கின் இதிகாசம்' எழுதினார். 1969-ல் புத்தகமாக வந்தது. கதையில் வரும் கசாக் என்பது நம் பக்கத்துத் தஸ்ராக் கிராமம். அவருடைய சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலைக்கு வந்தபோது உடன் வந்து தங்கியவர் அவர். ஒலவக்கோட்டில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரைமணி நேரம். யூமா வாசுகி அதைத் தமிழில் மொழிபெயர்த்து சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். நான் படித்தது அந்த மொழிபெயர்ப்பில்தான். என் வீட்டுக் கொல்லையில் அடிக்கும் காற்றை மலையாளத்திலிருந்து தமிழாக்கிப் படிக்க வேண்டியிருந்தது. விஜயன்மேல் எனக்கு மரியாதைதான். நம்மேல்தான் வருத்தம்.

அதே 1969-ல் இன்னொரு புத்தகம் வந்தது. ஆனைமலை எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் இங்கிலீஷில் எழுதிய 'ரெட் டீ'. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார். 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். அதை எழுதியவர் இலக்கியம் படித்தவர் அல்லர், நோயாளிகளைப் பார்த்தவர். எந்த வீட்டில் என்ன காய்ச்சல், எத்தனை பேர் ஒரே கூரைக்குள் என்று தெரிந்தவர். திருவனந்தபுரத்தில் ஆ. மாதவன் இருந்தார், 2021-ல் காலமானார். சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவர். கல்லாவில் உட்கார்ந்தபடி எதிரே போகும் சுமைகூலிக்காரனையும் பிக்பாக்கெட்டையும் பார்த்து, 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். அவர் காவிரிக்குப் போகவில்லை. கேரளத்தில் கடை வைத்திருந்த தமிழர் எத்தனையோ பேர், கடையை எழுதியவர் அவர்.

இதில் ஏதோ கதை எழுதும் கலையின் நயம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்கமாட்டேன்.

2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாற்றுக்கு அப்பால் ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து எஸ்டேட் லயங்கள் மேல் விழுந்தது. 70 உயிர் போயிற்று. பெரும்பாலோர் நம் தமிழர், கயத்தாறுப் பக்கத்து வம்சாவளி. மின்சாரமும் போனும் இல்லாததால் வெளியுலகுக்கு விடிந்துதான் தெரிந்தது. பத்திரிகைகள் எண்ணிக்கையைச் சொன்னன, உதவித்தொகையைச் சொன்னன. எனக்குத் தெரிந்தவர்களிடம் இப்போது பெட்டிமுடி என்று சொன்னால் என்ன நினைவுக்கு வருகிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை ஒருவருக்கும் நினைவில்லை. நாய் நினைவிருக்கிறது. நாட்கணக்கில் அங்கேயே சுற்றிவந்து, தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் எங்கே சிக்கியிருந்தது என்று காட்டிய நாய். அது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

அந்த நாய் செய்தியில் வந்தது. அந்த லயம் எப்படி இருந்தது என்று யார் எழுதினார்கள்? நான் படித்த வரையில் "தகரக் கூரை வேய்ந்த தொழிலாளர் குடியிருப்பு" என்பதற்குமேல் இல்லை. இரவு பத்து மணிக்கு அங்கே யார் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் யார் கத்துவார்கள், மழைக்காலத்தில் துணி எங்கே காயும், ஊரிலிருந்து வந்த முறுக்கு டின் எந்தப் பலகையில் இருக்கும். இது தெரிந்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்களும் நம்மைப் போல் போய்வந்த உறவுக்காரர்களுமே. என் கொழுந்தியாளுக்கு அங்கே பழக்கமானவர்கள் இருந்தார்கள். அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள். நானும் கேட்பதில்லை.

அதே மூணாற்றில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸ் 20 சதவீதம் வேண்டும், கூலி உயர வேண்டும் என்று. அன்றைய தினக்கூலி 232 ரூபாய். கட்சிக்காரர்களின் பேச்சு நமக்குக் காலகாலமாகத் தெரியும், டி.வி.யில் அது வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். அந்தப் பெண்கள் தமிழில் பேசினார்கள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், எத்தனை கிலோ சுமக்கிறார்கள், ஒரு அறை வீட்டில் வளர்ந்த பிள்ளையும் கல்யாணமான பிள்ளையும் எங்கே படுப்பார்கள். கேரளம் முழுக்க உட்கார்ந்து கேட்டது. போனஸ் கணக்கு 20 சதவீதத்துக்குத் தீர்ந்தது. கூலி பின்னால் 301 ஆயிற்று. அவர்களுக்கு யாரும் வருணனை சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் தாழ்மையான வேண்டுகோள். போட்டியை நிறுத்த வேண்டாம். விதிகளை மாற்றுங்கள். பொதுவாகச் சிறுகதை என்று அறிவிக்காமல், "எங்கள் வீட்டில் ஒருவர் வேலைக்குக் கிளம்புகிறார்" என்பது போல ஒரு சின்ன வட்டத்தைப் போட்டுக் கொடுங்கள். அப்பா கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்குக் கிளம்பட்டும், அக்கா ஜவுளிக்கடைக்குக் கிளம்பட்டும், பாட்டி ஆட்டை ஓட்டிக்கொண்டு போகட்டும். இரண்டு பக்கம் போதும். நதி, கோபுரம், குறிஞ்சி மூன்றுக்கும் ஒரு வருடம் விடுமுறை. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதையும் ஒரு வருடம் நிறுத்திப் பாருங்கள். பிழையை நாம் திருத்திக் கொடுக்கலாம், நம்மில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் நாலு பேர் வேலையில்லாமல்தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பாதங்களை யார் திருத்திக் கொடுக்க முடியும்?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை எழுதிக்கொண்டு வந்து காட்டினால், "இதையெல்லாமா எழுதறது, மானம் போகுது" என்று சொல்லாதீர்கள். ஜீப்பும் சோற்று வாளியும் அசிங்கமில்லை. உடும்பன்சோலைப் பெண்ணின் தாயார் பரிசளிப்புக்கு வந்திருந்தார். மகள் கதையில் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னபோது வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். பிறகு, "எந்த வேலையைப் பத்தி சார்?" என்று மட்டும் கேட்டார்.

என் தேயிலைக் கதையை மறுபடி எழுதியிருக்கிறேன். கம்பளத்தை எடுத்துவிட்டேன். அட்டை வந்திருக்கிறது, இடுப்புச் சாக்கு வந்திருக்கிறது, இரண்டு பச்சையும் வந்திருக்கின்றன. போன வாரம் போனில் கொழுந்தியாளுக்குப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "எல்லாம் சரி மச்சான். மழை நாள்னு போட்டிருக்கீங்க. ஈரக் கொழுந்துன்னா எடை போடறப்ப தண்ணிக்குன்னு கிலோவைக் கழிப்பாங்கல்ல, அதைக் காணோமே?"

அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.